பல கோடி ரூபாய் பழைய கிட்டார்... அச்சு அசலா ஒரு புது நகல்! வித்தியாசம் எங்கே இருக்கு? நம்ம ஊர் ஈட்டி மரத்துக்கு இதுல என்ன வேலை?

2019 ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரு கறுப்பு கிட்டார் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 27 கோடி ரூபாய். 'பிங்க் ஃபிளாய்ட்' இசைக்குழுவின் டேவிட் கில்மோர் பல ஆண்டுகள் வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. ரசிகர்கள் அதை 'பிளாக் ஸ்ட்ராட்' என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 27 கோடி ரூபாய் கொடுத்து வாங்கப்பட்ட அந்த 'அசல்' கிட்டாரின் கழுத்துப் பகுதி அசல் இல்லை. கில்மோர் அதைப் பலமுறை மாற்றியிருக்கிறார். ஏலத்துக்கு வந்தபோது அதில் இருந்தது, 1957 மாடலைப் பார்த்து ஃபெண்டர் நிறுவனமே 1983ல் செய்த மறுதயாரிப்புக் கழுத்து. அதன் பிக்கப்களில் ஒன்றும் பிறகு மாட்டப்பட்டதுதான்.

அப்படியென்றால் அந்த கிட்டாரில் 'அசல்' எது? 27 கோடி ரூபாய் எதற்காக?

இது கோடீஸ்வரர்களின் கவலை மட்டும் இல்லை. கொருக்குப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் கச்சேரிக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம் என்று செல்போனைத் திறக்கும் இளைஞர் முன்னாலும் இதே கேள்வி வந்து நிற்கிறது. '1959', '1962', 'விண்டேஜ்', 'ரெலிக்' என்று வரிசையாகப் பெயர்கள். 40 ஆயிரத்துக்கும் இருக்கு, 2 லட்சத்துக்கும் இருக்கு, 8 லட்சத்துக்கும் இருக்கு. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. எதுக்குக் காசு கொடுக்கிறோம்?

விரிவாகப் பார்க்கலாம்.

திருவொற்றியூர் புல்லட்டில் இருந்து ஆரம்பிப்போம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே இந்த விஷயம் பாதி புரிந்துவிடும்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள திருவொற்றியூரில்தான் புல்லட்டின் இந்தியக் கதை தொடங்கியது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 1955ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பின்னாளில் இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் வண்டி வந்துகொண்டே இருந்தது.

2009ல் அதே நிறுவனம் 'கிளாசிக்' மாடலை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோற்றம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்து வண்டி. உள்ளே இருப்பதோ புதிய எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட், இடது காலில் கியர். பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருந்தது. கிக்கரை உதைக்கத் தெரியாதவர் அந்த வண்டி பக்கமே போக முடியாது.

பழைய புல்லட் வைத்திருப்பவர், "அந்த டப்-டப் சத்தம் இதுல வருமா?" என்று கேட்பார். கிளாசிக் வைத்திருப்பவர், "காலைல ஒரே அழுத்துல ஸ்டார்ட் ஆகுது, எனக்கு அது போதும்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

கிட்டார் உலகத்திலும் இதே சண்டை நடக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புல்லட்டைப் புதுப்பித்தவர்கள் தோற்றத்தை மட்டும் பழசாக வைத்து, குறைகளைச் சரி செய்தார்கள். கிட்டார் கம்பெனிகள் குறைகளையும் சேர்த்தே நகல் எடுத்தன. அதற்குக் கூடுதல் விலையும் வைத்தன.

'விண்டேஜ்' கிட்டார் என்பது எது?

பழசாக இருந்தாலே விண்டேஜ் ஆகிவிடாது. சேகரிப்பாளர்கள் தேடுவது பெரும்பாலும் 1950 முதல் 1965 வரையிலான அமெரிக்கத் தயாரிப்புகளை. அதில் இரண்டு பெயர்கள் முக்கியம்.

ஒன்று, கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இருந்த ஃபெண்டர். டெலிகாஸ்டர் 1950களின் தொடக்கத்திலும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954லும் வந்தன. இன்னொன்று, மிச்சிகனின் கலமசூவில் இருந்த கிப்ஸன். அதன் லெஸ் பால் மாடல் 1952ல் வந்தது.

இதில் 1958 முதல் 1960 வரை வந்த 'சன்பர்ஸ்ட்' நிற லெஸ் பால்தான் எல்லாவற்றிலும் அரியது. மூன்று ஆண்டுகளில் மொத்தமே சுமார் 1,500 கிட்டார்கள்தான் செய்யப்பட்டன. அன்றைய விலை சுமார் 250 டாலர். அப்போது அது சரியாக விற்கவில்லை என்பதுதான் உண்மை. கிப்ஸன் அந்த மாடலையே நிறுத்திவிட்டது. பிறகு 1960களின் நடுவில் எரிக் கிளாப்டன் போன்ற பிரிட்டிஷ் கலைஞர்கள் அதைக் கையில் எடுத்ததும், இளைஞர்கள் செகண்ட் ஹேண்டில் தேட ஆரம்பித்தார்கள். கம்பெனி 1968ல் லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒரு 1959 மாடல் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது.

விற்காமல் தேங்கி நின்ற சரக்குதான் பின்னாளில் தங்கத்தை விட விலை உயர்ந்தது.

கம்பெனியே தன் பழைய மாடலை ஏன் நகல் எடுத்தது?

1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை அமெரிக்க ஊடக நிறுவனமான சிபிஎஸ் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகு தரம் குறைந்துவிட்டது என்ற புகார் எழுந்தது. கழுத்தை உடலோடு இணைக்கும் திருகுகளின் எண்ணிக்கை நான்கில் இருந்து மூன்றாகக் குறைந்தது. கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு வந்தது. 'சிபிஎஸ்ஸுக்கு முன்', 'சிபிஎஸ்ஸுக்குப் பின்' என்று இசைக்கலைஞர்கள் பிரித்துப் பேசவே ஆரம்பித்தார்கள்.

இந்த இடைவெளியில் ஜப்பான் நுழைந்தது. 1970களின் இறுதியில் டோகாய், கிரெகோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் 1950களின் அமெரிக்க கிட்டார்களை அப்படியே பார்த்துச் செய்து, குறைந்த விலைக்கு விற்றன. பழைய ஃபெண்டர் எப்படி இருந்ததோ அதற்கு, புதிய அமெரிக்க ஃபெண்டரை விட ஜப்பான் நகல் நெருக்கமாக இருக்கு என்ற பேச்சு பரவியது. அமெரிக்க நிறுவனங்களுக்கு இது பெரிய அவமானம்.

பதிலடியாக, 1982ல் ஃபெண்டர் தன் 1957, 1962 மாடல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மறுதயாரிப்பு செய்தது. அதே ஆண்டு ஜப்பானிலும் கூட்டு நிறுவனம் தொடங்கி, தன் பெயரிலேயே அங்கே தயாரிக்க ஆரம்பித்தது. பிளாக் ஸ்ட்ராட்டில் இருந்த கழுத்து இந்த வரிசையைச் சேர்ந்ததுதான்.

1995ல் இன்னொரு படி மேலே போனார்கள். புதிய கிட்டாரை வேண்டுமென்றே தேய்த்து, பெயிண்டை உரித்து, திருகுகளைத் துருப்பிடிக்க வைத்து, 40 வருஷம் மேடையில் அடிபட்ட மாதிரி ஆக்கி விற்றார்கள். இதற்குப் பெயர் 'ரெலிக்'. கிழிந்த ஜீன்ஸுக்குக் கூடுதல் விலை கொடுக்கிற கதைதான். கிப்ஸன் 2021ல் இதற்காகவே 'மர்ஃபி லேப்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. கில்மோரின் பிளாக் ஸ்ட்ராட்டுக்கும் ஃபெண்டர் 2008லேயே நகல் வெளியிட்டுவிட்டது. பளபளப்பாகவும் வாங்கலாம், அடிபட்ட தோற்றத்திலும் வாங்கலாம்.

அசலுக்கும் நகலுக்கும் என்னென்ன வித்தியாசம்?

பிக்கப்: எலெக்ட்ரிக் கிட்டாரின் காது இதுதான். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே உள்ள ஸ்டீல் தந்தி அதிரும்போது அதில் மின்சாரம் உருவாகும். அதுதான் ஆம்ப்ளிஃபையருக்குப் போய் சத்தமாகிறது. 1950களில் இந்தச் சுற்று ஒன்றுக்கொன்று மாறியது. கிப்ஸனுக்காக செத் லவர் வடிவமைத்த புகழ்பெற்ற பிக்கப்பிலும் ஒரே ஆண்டில் செய்த இரண்டு ஒரே மாதிரி ஒலிக்காது. இன்று நல்ல பழைய பிக்கப்பை அளந்து பார்த்து, அதே கம்பி, அதே வகைக் காந்தத்தோடு செய்கிறார்கள். சராசரிப் பழசை விட இது சிறப்பாகவே இருக்கலாம்.

பெயிண்ட்: அந்தக் காலத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லியது, நாளாக ஆக மஞ்சளாகும், வெடிக்கும், உதிரும். விலை குறைந்த இன்றைய கிட்டார்களில் பாலியூரிதேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு. விலை உயர்ந்த மறுதயாரிப்புகளில் மீண்டும் நைட்ரோ.

கழுத்தும் கட்டையும்: பழைய ஃபெண்டரில் விரல் வைக்கும் பலகை நன்றாக வளைந்திருக்கும். கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் தந்தியை மேலே இழுத்து வளைத்து வாசித்தால் சில இடங்களில் ஒலி அடங்கிப் போகும். பிற்கால மாடல்கள் வளைவைக் குறைத்து இதைச் சரி செய்தன. அச்சு அசல் மறுதயாரிப்பு வாங்கினால் இந்தக் குறையும் கூடவே வீட்டுக்கு வரும்.

இரைச்சல்: இது கச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஒற்றைச் சுருள் கொண்ட பழைய பாணி பிக்கப், பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரோ டிம்மரோ இருந்தால் 'ம்ம்ம்' என்று இரையும். ஆடி மாதம் கூழ் வார்க்கும் திருவிழாவில் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், மேலே சீரியல் செட், பக்கத்திலேயே லைட் போர்டு. அந்த இடத்தில் 1962 மாடலின் 'துல்லியமான' நகல், 1962ன் இரைச்சலையும் துல்லியமாகவே தரும்.

மரம்: இதற்குத் தனியாக வருவோம். நம்ம ஊர்க் கதை அங்கேதான் இருக்கு.

காதால் கண்டுபிடிக்க முடியுமா?

"பழசோட சத்தமே வேற" என்பார்கள். இதைச் சோதித்தால் என்ன ஆகும்?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முன் வயலினில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். பிரான்ஸ் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் வயலின் தயாரிப்பாளர் ஜோசஃப் கர்டினும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி மாட்டிய இசைக்கலைஞர்களின் கையில் 300 ஆண்டு பழைய இத்தாலிய வயலின்களும் புது வயலின்களும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. 2014ல் வெளியான ஆய்வில் பங்கேற்ற 10 தேர்ந்த தனி வாசிப்பாளர்களில் 6 பேர், கச்சேரிக்கு எடுத்துச் செல்லப் புது வயலினையே தேர்ந்தெடுத்தார்கள். எது பழசு, எது புதுசு என்பதையும் அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை.

வயலினில் மரப் பெட்டிதான் ஒலியைப் பெருக்குகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வேலையை ஆம்ப்ளிஃபையர் செய்கிறது. அதனால் மரத்தின் பங்கு இன்னும் குறைவு. நாஷ்வில்லைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜிம் லில், ஒரு பக்கம் மேசையிலும் மறுபக்கம் அலமாரியிலும் தந்திகளை இழுத்துக் கட்டி, நடுவில் பிக்கப்பை வைத்து வாசித்த காணொளி உலகம் முழுவதும் பேசப்பட்டது. கிட்டாரின் உடலே இல்லாமல், கிட்டத்தட்ட அதே ஒலி வந்தது.

இதற்காகப் பழைய கிட்டாரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டுகள் வாசித்ததில் கழுத்தின் ஓரம் தேய்ந்து கைக்கு இதமாகியிருக்கும். மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. 1950களில் செய்த மோசமான கிட்டார்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. யாராவது ஆசையாக வைத்துக் காப்பாற்றியதுதான் இன்று நம் கண்ணில் படுகிறது. 'பழசு எல்லாம் நல்லது' என்று தோன்றுவதற்கு, நல்லது மட்டுமே மிஞ்சியதும் ஒரு காரணம்.

ஆக, காதுக்குத் தெரியும் வித்தியாசம் சிறியது. விலை வித்தியாசமோ பல நூறு மடங்கு. நடுவில் இருப்பது அருமையும் வரலாறும். அந்த கிட்டாரை யார் தொட்டார், எந்தப் பாட்டில் வாசித்தார் என்பதற்கான விலை அது. பிளாக் ஸ்ட்ராட்டின் கழுத்து மறுதயாரிப்பு என்று தெரிந்தும் 27 கோடி ரூபாய் கொடுத்தது அதனால்தான்.

சரி, நகல் எடுக்கவே முடியாத பொருள் எது?

பழைய கிட்டாரில் ஒன்றை மட்டும் எந்தக் கம்பெனியும் தாராளமாகத் திரும்பச் செய்ய முடியாது. அது விரல் வைக்கும் பலகையின் மரம்.

1950களின் லெஸ் பாலிலும், 1959ல் இருந்து ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் இருந்தது பிரேசில் ரோஸ்வுட். அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் 1960களின் இறுதியில் பிரேசில் அந்த மரக்கட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1992ல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்ஸ்' ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. கிட்டத்தட்ட முழுத் தடை.

அந்த இடத்துக்கு வந்த மரம் எது தெரியுமா? நம்ம ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். கூடலூர், வயநாடு, ஆனைமலை என மேற்குத் தொடர்ச்சி மலையில் மெதுவாக வளரும் மரம். பாட்டி வீட்டுக் கட்டிலிலும் அலமாரியிலும் கறுப்பும் ஊதாவும் கலந்து மின்னும் அதே மரம்தான். 1960களின் நடுவில் இருந்தே அமெரிக்க கிட்டார்களின் பலகை இதற்கு மாறிவிட்டது.

அதாவது '1959' என்று பெயர் போட்டு அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான மறுதயாரிப்புகளில், வாசிப்பவரின் விரல் தொடும் இடத்தில் இருப்பது தென்னிந்தியக் காட்டு மரம்.

கிப்ஸன் ஆலைக்குள் துப்பாக்கியோடு போன அதிகாரிகள்

2011 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க மத்திய அரசு அதிகாரிகள் ஆயுதங்களோடு கிப்ஸனின் நாஷ்வில், மெம்பிஸ் ஆலைகளில் சோதனை நடத்தினார்கள். தேடிப் போனது போதைப்பொருளை அல்ல. இந்திய ஈட்டி, கருங்காலிப் பலகைகளை.

என்ன பிரச்சினை? ஈட்டியைக் கட்டையாகவோ வெறுமனே அறுத்த பலகையாகவோ வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தியா அனுமதிப்பதில்லை. வேலைப்பாடு முடிந்த பொருளாக அனுப்பலாம். அந்தச் சரக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான அறுத்த மரம் என்றும், ஆவணத்தில் வேறு வகையாகக் காட்டப்பட்டது என்றும் அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். வேறொரு நாட்டின் வனச் சட்டத்தை மீறி வந்த மரத்தை வாங்குவது, 'லேசி' சட்டத்தின்படி அமெரிக்காவிலும் குற்றம்.

இந்தியாவில் இருந்து சட்டப்படிதான் வந்தது என்றது கிப்ஸன். விவகாரம் அமெரிக்க அரசியலில் பெரிதாக வெடித்தது. 2012 ஆகஸ்ட்டில் சமரசம் ஏற்பட்டது. 3 லட்சம் டாலர் அபராதம், பாதுகாப்புப் பணிக்கு 50 ஆயிரம் டாலர். இது முக்கியமாக 2009ல் பிடிபட்ட மடகாஸ்கர் கருங்காலிக்காக. இந்திய மரத்தைப் பொறுத்தவரை ஏற்றுமதி வகைப்பாட்டில் தெளிவில்லை என்பதை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. பலகைகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. கிப்ஸன் சும்மா இருக்கவில்லை. திரும்பி வந்த மரத்தில் செய்த கிட்டார்களுக்கு 'அரசாங்க வரிசை' என்று பெயர் வைத்து விற்றது.

2017 ஜனவரியில் ஈட்டி உட்பட மொத்த ரோஸ்வுட் குடும்பமும் சைட்ஸின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. கிட்டார் ஒன்றை நாடு விட்டு நாடு விற்கவும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. சில கம்பெனிகள் தங்கள் விலை குறைந்த மாடல்களுக்கு வேறு மரம் தேடின. 2019 நவம்பரில், தயாராகி முடிந்த இசைக்கருவிகளுக்கும் அதன் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை. அந்த மரம் உள்ள பழைய கிட்டாரை ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் சுங்கத் துறை பறிமுதல் செய்யலாம்.

வடசென்னைக்கு இது புதிய கதை இல்லை. துறைமுகம் பக்கம் கண்டெய்னரில் செம்மரம் பிடிபட்டது என்ற செய்தியை இங்கே அடிக்கடி கேட்டிருப்பார்கள். கொருக்குப்பேட்டை தண்டவாளத்தில் போகும் கண்டெய்னரை வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இருப்பது துணியா, தோலா, மரமா என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் அந்த ஆவணத்தில் எழுதும் ஒரு வரியில்தான் இருக்கு.

காட்டுப் பக்கமும் நிலைமை எளிதாக இல்லை. பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தையும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு 1994ல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பக்கத்து கேரளாவில், வயநாடு முட்டில் பகுதியில் பழங்குடியினர் மற்றும் விவசாயிகளின் நிலத்தில் இருந்த ஈட்டி மரங்கள் வெட்டப்பட்ட விவகாரம் 2021ல் பெரும் அரசியல் புயலானது. பிரேசில் மரத்துக்கு நடந்தது ஈட்டிக்கும் நடந்தால், அடுத்த தலைமுறை இன்றைய நகலையே 'கிடைக்காத அசல்' என்று ஏலம் விடும்.

கொருக்குப்பேட்டை இளைஞர் எதை வாங்குவது?

வடசென்னையில் கிட்டாரின் தேவை கூடிக்கொண்டுதான் இருக்கு. தேவாலயப் பாடகர் குழு, மெல்லிசைக் கச்சேரி என்று ஏற்கெனவே இருந்த இடங்களோடு கானாவும் சேர்ந்துவிட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', சட்டி, பறையோடு எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி அந்தக் குழுவில் பாடித்தான் உலக அளவில் பேசப்பட்டார்.

அந்த மேடையைப் பார்த்துவிட்டு கிட்டார் வாங்கக் கிளம்பும் ஒருவர் கவனிக்க வேண்டியவை:

1. தோற்றத்துக்கு முன் கழுத்து. கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கைக்குப் பொருந்தாத 2 லட்ச ரூபாய் கிட்டாரை விட, பொருந்தும் 40 ஆயிரம் ரூபாய் கிட்டார் மேல்.

2. ஃபெண்டரின் ஸ்கொயர், கிப்ஸனின் எபிஃபோன் ஆகியவை அதே தாய் நிறுவனங்களின் குறைந்த விலைப் பெயர்கள். பழைய மாடல்களின் வடிவத்தை இவையும் செய்கின்றன. மேடைக்கு இது போதும். மிச்சப் பணத்தை நல்ல ஆம்ப்ளிஃபையரில் போட்டால் சத்தத்தில் தெரியும் மாற்றம் பெரியது.

3. இந்த ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். கொருக்குப்பேட்டையில் இருந்து கடல் மிக அருகில். உப்புக் காற்றில் தந்தியும் திருகும் சீக்கிரம் துருப்பிடிக்கும். புழுக்கத்தில் நைட்ரோ பூச்சு கையில் ஒட்டும். இங்கே 'அசல் இல்லை' என்று ஒதுக்கப்படும் பாலியூரிதேன் பூச்சுதான் தாக்குப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடைப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுவது நல்லது. ரெலிக் தோற்றத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. கடற்காற்று அதை இலவசமாகவே செய்து கொடுக்கும்.

4. திருவிழா மேடைதான் அதிகம் என்றால், இரட்டைச் சுருள் பிக்கப் அல்லது இரைச்சல் இல்லாத வகையைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

5. 'அசல் 1960கள் கிட்டார், அவசர விற்பனை' என்று ஆன்லைனில் வந்தால் உஷார். உள்ளே இருக்கும் வால்யூம் கட்டுப்பாட்டின் முதுகில் உள்ள எண்ணில் இருந்து தயாரித்த ஆண்டு, வாரத்தைக் கண்டுபிடிக்கலாம். புற ஊதா விளக்கில் பழைய லாக்கர் மஞ்சள் பச்சையாக மின்னும். திரும்பப் பற்றவைத்த ஈயம், கூடுதல் திருகுத் துளை இருந்தால் பாகங்கள் மாற்றப்பட்டிருக்கலாம். கழற்றிக் காட்ட விற்பவர் மறுத்தால் அதோடு விட்டுவிடுவது நல்லது.

மறுதயாரிப்பும் போலியும் ஒன்றா?

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கம்பெனி தன் பழைய மாடலைத் தானே மறுபடி செய்து, 'இது மறுதயாரிப்பு' என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். வேறு யாரோ செய்து, கழுத்தில் கிப்ஸன் என்று பெயர் ஒட்டினால் அது போலி. நேர்மையான ரெலிக் கிட்டாருக்கு வேறொருவர் பழைய எண்ணைப் பொறித்து '1962 அசல்' என்று விற்றால் அது மோசடி. ஒரே பொருள்தான், அதைப் பற்றிச் சொல்லும் வார்த்தையில்தான் குற்றம் இருக்கு.

கடைசியில் என்னதான் முடிவு?

பழைய கிட்டார் ஒரு வரலாற்றுச் சின்னம். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். வாசிப்பவருக்கு அது கட்டாயம் இல்லை. பிக்கப், வடிவம், பூச்சு எல்லாவற்றையும் இன்று திரும்பச் செய்ய முடிகிறது. காலத்தையும், வெட்டித் தீர்த்த மரத்தையும்தான் திரும்பச் செய்ய முடியவில்லை.

பிளாக் ஸ்ட்ராட்டை 1970ல் கில்மோர் வாங்கியபோது அது கடையில் தொங்கிய ஒரு சாதாரணப் புது கிட்டார். கழுத்தை மாற்றி, பிக்கப்பை மாற்றி, தன் கைக்குத் தோதாக்கி வாசித்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் அது 27 கோடி ரூபாய் ஆனது. கொருக்குப்பேட்டையில் இந்த மாதம் யாரோ வாங்கும் 40 ஆயிரம் ரூபாய் கிட்டாரும் இப்போது அந்த முதல் நாளில்தான் இருக்கு.